இசையைப் படித்தால் சோறு கிடைக்குமா?



எஸ்.பி.எம். முடித்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் இசை பயில விரும்பினால் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, "பாட்டைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்பதுதான். பாடினால் மேடை, இல்லையேல் பட்டினி என்பது நம் கணக்கு. இசை ஆய்வு என்றொரு வழியும் இருப்பதை நம்மில் பலர் அறிந்திலர்.

இசை ஆய்வாளர் பாடகராக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் பாடல்களைத் திரட்டிப் பதிவுசெய்கிறார், அவற்றின் வரலாற்றைத் தேடுகிறார், கலைஞருக்குரிய உரிமத்தொகை அவரிடம் போய்ச் சேர்கிறதா என ஆராய்கிறார், மாணவர்க்குக் கற்பிக்கிறார். இசை, திரைப்படம், பதிப்பு முதலியவற்றைப் படைப்புத் தொழில்கள் எனத் தொகுத்துப் பிரிட்டன் அரசு 1998இல் அறிக்கை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2001இல் அதற்கெனத் தனிப்புலமே அமைத்தது. நம் நாட்டிலும் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் தான் சூய் பெங், பங்சாவான் நாடகக் கலையின் வரலாற்றை ஆராய்ந்து 1993இல் நூலாக்கினார்.

"கெட்டிக்காரப் பிள்ளைக்கு இசை எதற்கு?" என்பாருக்கு நம் முன்னோர் இருவரே விடை. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' தந்த ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகள் அறிவியல் பட்டதாரி.

வேலை உறுதியா என்கிறீர்களா? உறுதியில்லை. முனைவர் பட்டம் பெறப் பல ஆண்டுகள் ஆகும். விரிவுரையாளர் பணியிடங்களும் குறைவே. ஆனால் எந்தப் படிப்பில் உறுதி இருக்கிறது? மருத்துவமே நிரந்தரம் என்றோம். 2016இன் இறுதி முதல் அரசு மருத்துவமனைகளில் இளம் மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். 2021 ஜூலையில் அவர்கள் பணியை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. மருத்துவம் வேண்டாம் என்பதன்று என் வாதம். ஒரு துறையின் உறுதியின்மையைப் பொறுத்துக்கொள்ளும் நாம், இன்னொன்றின் உறுதியின்மையை மட்டும் காட்டிப் பிள்ளையைத் தடுப்பது முறையா?

இதில் இழப்பு பிள்ளைக்கு மட்டுமன்று. பால்மரக் காட்டில் நம் பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், கோயில் திருவிழாவின் உருமி மேளமும் இந்நாட்டுத் தமிழரின் வரலாற்று ஆவணங்கள். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. பாடத் தெரிந்த மூதாட்டியரும் ஒவ்வொருவராய் விடைபெறுகின்றனர். மொழியும் வாழ்வும் அறிந்த நம் பிள்ளைகள் அவற்றைப் பதிவுசெய்யாவிட்டால் வேறு யார் செய்வார்?

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. தேர்வு நெருங்கினால் கணிதத்திற்காக இசைக்கல்வி வேளையைக் கடன் வாங்குகிறோம். அந்தக் கடன் திரும்புவதே இல்லை. இசை விளையாட்டுக்குரியது, படிப்பு வேறு என்னும் பாடத்தைப் பிள்ளைகள் அங்கேதான் கற்கின்றனர்.

அடுத்த வாரம் இசைக்கல்வி வேளையில் இசையையே நடத்துங்கள். பெற்றோரே, பிள்ளையின் பாட்டியை அமர்த்திப் பாடச்சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ஆய்வு அங்கிருந்தே தொடங்கட்டும்.