புளியங்கொட்டைப் படை

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு என்னைப் பிடித்தபோது, "நாளைய பாரதமும் இன்றைய மாணவனும்" என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு ஜகா வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த மாதிரிக் கட்டுரையை நம்மில் யாரும் படிப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். கிரிக்கெட்டா, ஃபுட்பாலா என்று கேட்காதீர்கள். ஆடுபுலி ஆட்டம்!

"இன்னாடா இது, ஆயா காலத்து ஆட்டம்?" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் மேலே படியுங்கள். நம் மாணவர் மன்றத்துக்கு இந்த ஆட்டம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அந்தப் பாடத்தை நாம் ஒரு முறை பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலே வரி. தரையில் ஒரு முக்கோணம், அதை வெட்டிச் செல்லும் கோடுகள். கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. ஒரு பக்கம் 3 புலி, மறு பக்கம் 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி அப்படியில்லை, ஆரம்பத்திலிருந்தே நகரும். பக்கத்தில் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி வெட்டிவிடும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. புலி அசைய முடியாதபடி கட்டிப் போடுவது ஒன்றுதான் அதற்கு வழி. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, அடிப்படை இதுதான். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இந்தக் கட்டத்தை வெட்டி வைத்திருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நேபாளத்திலும் 4 புலி, 20 ஆடு என்று இதே குடும்பத்து ஆட்டம் உண்டு, பெயர் பாக்சால்.

சதுரங்கத்தில் நம்ம சென்னைப் பையன் குகேஷ் 2024-ல் உலகச் சாம்பியன் ஆனபோது நாம் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். ஆனால் சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் 16 காய். ராஜாவுக்கு ராஜா, யானைக்கு யானை. வாழ்க்கை நமக்கு அப்படியா காய் பிரித்துக் கொடுத்திருக்கிறது? இன்டர்வியூ வரிசையில் நமக்கு முன்னால் பி.இ. முடித்தவன் நிற்கிறான். நம் கையில் டிப்ளமா. நமக்குக் கிடைத்திருப்பது சமமில்லாத படைகளின் ஆட்டம். அதை ஆடப் பழக வேண்டாமா?

சரி, எங்கள் போர்க்களத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு மதியம் கரண்ட் போய்விட்டது. வொர்க்ஷாப்பில் லேத் ஓடவில்லை. செல்போனில் சார்ஜும் இல்லை. சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டோம். அன்று தொடங்கியது, மூன்று மாதம் ஓடியது. டிபார்ட்மென்டுக்கு ஒரு படை. ஒவ்வொரு படைக்கும் அவரவர் தொழில் சார்ந்த காய்கள்!

எங்கள் மெக்கானிகல் படைக்கு ஸ்க்ராப் பெட்டியிலிருந்து இன்ஸ்ட்ரக்டர் அனுமதியோடு எடுத்த 3 போல்ட் புலி, 15 நட்டு ஆடு. வைக்கும்போது "டங்" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், எதிராளிக்குப் பாதி உயிர் போய்விடும். எங்களுக்குப் பொறுமை கிடையாது. எப்போதும் புலியாகவே ஆடுவோம் என்று அடம் பிடிப்போம்.

எலக்ட்ரிகல் படையின் புலி பீங்கான் பியூஸ் கேரியர், ஆடு கேபிள் லக். ஒரு காய் நகர்த்துவதற்குள் பத்து நிமிஷம் யோசிப்பார்கள். "மச்சி, பியூஸ் போய்டுச்சா?" என்று நாங்கள் கத்துவோம். சிவில் படைக்குச் செங்கல் துண்டு புலி, ஜல்லி ஆடு. அடி வரிசையை நிரப்பாமல் மேலே ஏற மாட்டார்கள். கேட்டால், "பவுண்டேஷன் முக்கியம் தலைவா" என்பார்கள். ஈ.சி.இ. தோழிகளின் படைதான் எல்லோரையும் கலக்கியது. கெப்பாசிட்டர் புலி, ரெசிஸ்டர் ஆடு. ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் குறித்து வைப்பார்கள். ஓரத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்ட புலிக்கு வழி குறைவு, அதனால் ஆட்டை முதலில் ஓரத்தில் இறக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது அவர்கள்தான். நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் கெலித்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு புது விதியும் சேர்த்தோம். வெளிநாட்டில் பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று உண்டு. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே அப்படிப்பட்ட பொம்மைப் போருக்கு விதி எழுதி, "லிட்டில் வார்ஸ்" என்று புத்தகமே போட்டார். இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1999-ல் "மார்ட்ஹைம்" என்று ஒன்றைக் கொண்டு வந்தது. இடிந்துபோன ஒரு மாய நகரம். அதில் புதையலுக்கு அடித்துக்கொள்ளும் சின்னச் சின்னப் படைகள். அதன் விசேஷம் என்னவென்றால், ஒரு சண்டையோடு கணக்குத் தீராது. இன்றைக்குக் காலில் அடிபட்டவன் அடுத்த சண்டைக்கு அந்தக் காலோடுதான் வர வேண்டும். பிழைத்தவன் அனுபவம் சேர்த்துக்கொண்டு வருவான். நண்பன் ஒருவன் இதை யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அந்தப் பொம்மைகளை வாங்க நமக்கு வசதி ஏது? ஆனால் விதியைக் கடன் வாங்கக் காசு வேண்டாமே! ஐந்து ஆடு வெட்டுப்பட்டால் தோல்வி. தோற்ற ஆட்டுப்படை அடுத்த ஆட்டத்தை ஓர் ஆடு குறைவாகத்தான் தொடங்க வேண்டும் என்று வைத்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு படைக்கும் ஒரு சரித்திரம் வந்துவிட்டது. காயத்தோடு வரும் படைக்குத்தான் வேடிக்கை பார்ப்பவர்களின் கைதட்டல்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த நண்பன் ஒருவன் எங்கள் கிளாஸில் உண்டு. கடைசி பெஞ்ச். ஃபைல் பிடித்தால் எங்களில் எவனும் அவன் பக்கத்தில் நிற்க முடியாது. கணக்குதான் தகராறு. "நானும் ஆடட்டுமா?" என்று வந்தான். "எங்க டீம்ல இடமில்ல, நீ நேத்து வந்தவன்" என்று சொல்லிவிட்டோம். சொன்னவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை.

மறுநாள் அவன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். உள்ளே அம்மாவின் அடுப்படியிலிருந்து எடுத்த 15 புளியங்கொட்டை, 3 சோழி. "நம்ம ஏரியா பேரே புளியந்தோப்பு. இதைவிட வேற என்ன காய் வேணும்?" என்றான். தோப்பைத் தேடினால் இன்று கட்டடங்கள்தான் கண்ணில் படுகின்றன. அன்று எங்கள் கட்டத்தில் மட்டும் தோப்பு முளைத்தது.

முதல் ஆட்டம் எங்கள் போல்ட் புலிகளிடம் தோற்றான். 15 கொட்டை 14 ஆனது. இரண்டாவது ஆட்டம். நாங்கள் வழக்கம்போலப் பாய்ந்தோம். ஒரே ஒரு கொட்டையைத்தான் வெட்ட முடிந்தது. அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றின் பின்னால் ஒன்று. அரை மணி நேரத்தில் எங்கள் மூன்று போல்ட்டும் உச்சியில் மாட்டிக்கொண்டு அசைய வழியில்லாமல் நின்றன. அதுவரை கட்டுப்படாத படை அது! "எப்படிடா?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு ஆட்டுக்குப் பின்னாடி இன்னொரு ஆடு நிக்கணும் நைனா. பின்னாடி காலியா இருந்தா, முன்னாடி நிக்கிறவன் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் காலி."

நண்பர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் பேட்டையின் சரித்திரத்தையே பாருங்கள். பக்கத்திலேயே இருந்தவை பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். நம் தாத்தாக்கள் வாயில் "பின்னி மில்". 1918 ஏப்ரல் 27-ல் பி.பி. வாடியா தலைமையில் அந்தத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதற்காக உழைத்தார். நாட்டிலேயே முதன்முதலில் முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் ஒன்று என்று இன்றும் அதைக் கொண்டாடுகிறோம். மூன்றே வருஷத்தில், 1921-ல், பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அப்புறம் நடந்தது ஆலை வாசலோடு நிற்கவில்லை. இதே புளியந்தோப்புத் தெருக்களில் தொழிலாளியும் தொழிலாளியும் மோதிக்கொண்டார்கள். குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. மாதக்கணக்கில் இழுத்த வேலைநிறுத்தமும் தோற்றது.

"அவங்க காட்டிக் கொடுத்துட்டாங்க" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆலைக்குள் பக்கத்தில் நின்று உழைத்தவனை, ஆலைக்கு வெளியே கிணற்றடியிலும் தெருவிலும் ஒதுக்கி வைத்த காலம் அது. தினக்கூலி நின்றால் அன்றைக்கே அடுப்பு அணைந்துவிடும் வீடு அவனுடையது. "எங்களோடு நில்" என்று அவனிடம் கேட்டவர்கள், அதற்கு முன்னால் அவனோடு நின்றிருந்தார்களா? காலி இடத்தை முதலில் விட்டது யார்? அந்தக் கேள்வியைக் கேட்காமல் பழியை மட்டும் பங்கு போட்டால், நாம் சரித்திரத்திலிருந்து ஒன்றும் கற்கவில்லை என்று அர்த்தம். அந்த ஆலைகளும் 1996-ல் மூடப்பட்டுவிட்டன. கேள்வி மட்டும் மூடப்படவில்லை.

ஏனென்றால் அதே தவறைத்தான் நாமும் செய்தோம். வொர்க்ஷாப் பக்கம் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று மன்றத்தில் மனு எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? கையெழுத்து வாங்க கிளாஸ் கிளாஸாகப் போனோம். நேரடி இரண்டாம் ஆண்டு நண்பர்களிடம் போனோமா? இல்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டோமா? அதுவும் இல்லை. கிளாஸைப் புறக்கணித்த அன்று அவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். "பாதிப் பேர் வந்திருக்காங்களே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேள்வி வந்தது. மனு அப்படியே படுத்துவிட்டது. மறுநாள் நாம் அவர்களைத்தான் திட்டினோம். ஃபிட்டிங் ஷாப்பில் அதிக நேரம் நின்று அதிகமாகத் தாகமெடுக்கிறவர்களே அவர்கள்தான் என்பது நமக்குத் தோன்றவே இல்லை. குழாய் இன்னும் வரவில்லை.

"நாம என்ன ஆடா? ஏன் நம்மையே தாழ்த்திக்கணும்?" என்று ஒரு நண்பர் இந்தக் கட்டுரையின் கைப்பிரதியைப் படித்துவிட்டுக் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். என் பதில் இது: இந்த ஆட்டத்தில் ஆடு ஏமாந்த சோணகிரி இல்லை. நேபாளத்து ஆட்டத்தைக் கணினியில் போட்டு ஆராய்ந்தவர்கள், இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் டிராவில் முடியும் என்று கண்டிருக்கிறார்கள். வெட்டவே தெரியாத ஆடு, வெட்ட மட்டுமே தெரிந்த புலிக்குச் சமமாக நிற்கிறது! அப்புறம், புலி யார் என்றும் அவர் கேட்டார். பிரின்சிபாலா, முதலாளியா? யார் மேலும் எனக்குப் பகை இல்லை. புலி தன் இயல்புப்படி தாண்டுகிறது. இடத்தைக் காலியாக வைத்திருந்தது நாம்.

ஆகவே மன்றத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு.

முதலாவது, நம் காமன் ரூம் தரையில் ஆடுபுலிக் கட்டம் ஒன்றை பெயிண்டால் நிரந்தரமாக வரையுங்கள். வீண் பொழுதுபோக்கு என்று சொல்லாதீர்கள். வியாசர்பாடியிலிருந்து கேரம் உலகச் சாம்பியனான இளவழகியும், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமாவும் நம்ம வடசென்னைப் பெண்கள்தான். பலகை விளையாட்டை இந்த மண் சும்மா விளையாடியதில்லை.

இரண்டாவது, இதுதான் முக்கியம். அடுத்த மன்றத் தேர்தலில் நேரடி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். தனியாக ஒரு கிளையாக ஒதுக்கி உட்கார வைக்க அல்ல. முதல் வரிசையில், நம் நடுவில். குழாய் மனுவை மறுபடி எழுதுவோம். முதல் கையெழுத்தை அவர்களிடம் கேட்போம்.

அந்தப் புளியங்கொட்டைகள் இப்போது என் டிராயர் பெட்டியில் இருக்கின்றன. ஆட்டம் முடிந்த அன்று அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தால் 14 தான். ஒன்றை நாங்கள்தான் அநியாயமாகக் குறைத்தோம். அந்தப் பதினைந்தாவது கொட்டையை அடுத்த வருஷம் நம் மன்றம் திருப்பி வைக்கட்டும்.

காலி இடம் விடாதீர்கள், நண்பர்களே!