கொப்பி நிறைந்தால் விஞ்ஞானம் வந்துவிடுமா?

விஞ்ஞானப் பாடவேளையில் கதை சொல்லும் ஆசிரியர் நேரத்தை வீணாக்குகிறார். குறிப்பு எழுதிப் போடுபவரே பாடம் நடத்துகிறார். சப்ரகமுவ தோட்டப் பாடசாலைகளில் இது எழுதப்படாத சட்டம். அதிபர் நம்புகிறார், வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வருபவர் நம்புகிறார், விடியுமுன் இறப்பர்ப் பால் வெட்டப் போகும் தகப்பனும் நம்புகிறார். "புள்ளையோட கொப்பி நெறைஞ்சிருக்கா?" என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. படிக்க வாய்ப்பில்லாமல் போனவருக்கு நிறைந்த கொப்பிதான் கண்ணுக்குத் தெரிகிற கல்வி. படித்துப் பட்டம் வாங்கியவர்களும் அதையே அளவுகோலாக வைத்திருப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

இந்த நம்பிக்கையோடு கூடப்பிறந்தது இன்னொன்று: தோட்டத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானம் ஏறாது, கலைப் பிரிவே போதும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்கக்கூடிய பாடசாலைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வுகூடம் என்று பலகை தொங்கும் அறையில் உடைந்த வாங்குகள் கிடக்கும். மாதம் 6,000 ரூபாய்க்கு ஆசிரிய உதவியாளர்களை நியமித்துத் தோட்டப் பாடசாலைகளை ஓட்டிய காலமும் இருந்தது. இவ்வளவையும் செய்துவிட்டு, பெறுபேறு வந்ததும் "பாத்தீங்களா, ஏறல" என்கிறார்கள்.

முதல் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். கதை வேறு, விஞ்ஞானம் வேறு என்று யார் சொன்னது? 1854இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்நோ என்ற வைத்தியர் செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, ஒரு தெருவின் தண்ணீர்ப் பம்பில் போய் நின்றார். இன்று தொற்றுநோயியல் படிப்பவர்கள் அந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த இரசாயனவியலாளர் ஜேம்ஸ் கொனன்ட், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுக்கும் விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்று காட்டப் பழைய கண்டுபிடிப்புகளைச் சம்பவங்களாகத் தொகுக்க வைத்தார். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் கிளைட் ஹெரிட் என்ற உயிரியலாளர் இதையே ஒரு முறையாக வளர்த்து, ஆசிரியர்கள் எடுத்து நடத்தக்கூடிய நூற்றுக்கணக்கான சம்பவப் பாடங்களைச் சேர்த்தார். இவை எதுவும் பாலர் வகுப்புச் சங்கதி அல்ல.

ஆனால் நம்மூரில் கதை என்றதும் சிலர் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "நான்தான் நீர்த்துளி பேசுகிறேன்" என்று தொடங்கும் சுயசரிதைகள், முயலும் ஆமையும் உராய்வைப் பற்றிப் பேசிக்கொள்ளும் நாடகங்கள். இது கசப்பு மருந்துக்கு மேல் தடவிய சீனி. சீனியை நக்கிவிட்டுப் பிள்ளை மருந்தைத் துப்பிவிடும். நான் வாதாடுவது இதற்காக அல்ல. சம்பவப் பாடம் என்றால் உண்மையில் நடந்த ஒன்று, அதில் விடை தெரியாத ஓர் இடம் இருக்க வேண்டும், கையில் கொஞ்சம் தரவு இருக்க வேண்டும், அந்த இடத்தில் கதையை நிறுத்தி, "நீ என்ன செய்வாய், ஏன்?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும். குறிப்பு எழுதுவதைவிட இது கடினம். இலகுவாக்குகிறோம் என்ற குற்றச்சாட்டு இங்கே செல்லாது.

எடுத்துக்காட்டுக்கு லண்டன் போக வேண்டியதில்லை. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தது. இலை உதிர்ந்தது, விளைச்சல் விழுந்தது. பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பூஞ்சணவியலாளர் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததால் நோய் நிற்கவில்லை. பல துரைமார் அது காலநிலையின் கோளாறு, களைத்த மண்ணின் கோளாறு, நல்ல பருவம் வந்தால் போய்விடும் என்றே இருந்தார்கள். 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கே அனுப்பப்பட்டார்.

கதையை இங்கே நிறுத்துங்கள். பத்தாம் தரத்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: அந்தத் தூள் நோயின் காரணமா, ஏற்கெனவே வாடிய மரத்தில் வந்து ஒட்டிக்கொண்ட விளைவா? எப்படிச் சோதிப்பாய்? காற்றில் பரவுகிறதா, மண்ணிலிருந்து ஏறுகிறதா? ஐந்து நிமிடத்தில் வகுப்பு இரண்டு கட்சியாகும். அதன் பிறகு வார்ட் செய்ததைச் சொல்லலாம். கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றோடு வந்த வித்திகளைப் பிடித்தார். ஈரமான இலையில் வித்தி முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே போவதைப் பார்த்தார். மலை மலையாக ஒரே பயிரை, காற்றைத் தடுக்க மரமும் இல்லாமல் நட்டதே பூஞ்சணத்துக்கு விருந்தானது என்று எழுதினார். மருந்து ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை; துரைமார் எதிர்பார்த்தது மருந்தைத்தான். இருபது வருடத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. பூஞ்சணம், இலைவாய், வித்தி, கட்டுப்பாட்டுப் பரிசோதனை, தனிப்பயிர்ச் செய்கை என்று பாடத்திட்டத்தில் ஐந்து இடங்களில் சிதறிக் கிடப்பவை ஒரே சம்பவத்துக்குள் இருக்கின்றன. 1946இல் தேயிலைக்கு வந்த கொப்புள நோயைப் பிள்ளைகள் பனிக்காலக் கொழுந்தில் இன்றும் பார்க்கிறார்கள். அதே கேள்விகளை அங்கேயும் கேட்கலாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதை எந்த விஞ்ஞான ஆசிரியரும் கேட்பதில்லை: பூட்டனும் பூட்டியும் ஏன் இங்கேயே தங்கினார்கள்? கோப்பி பழுப்பது வருடத்தில் சில மாதம். பறித்து முடிந்ததும் பலர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். கோப்பியின் இடத்துக்கு வந்த தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். குடும்பமாக இங்கேயே இருக்க வேண்டும். பூட்டனும் பூட்டியும் லயத்தில் தங்கிப்போனதற்கு ஒரு பூஞ்சணமும் காரணம் என்று தெரிந்த பிள்ளை அந்தப் பாடத்தை மறக்குமா?

இதே சம்பவத்தை வைத்து, கோப்பி அழிந்ததால்தான் வெள்ளைக்காரன் தேநீர் குடிக்கப் பழகினான் என்றும் சிலர் சுவையாகச் சொல்வார்கள். அது கட்டுக்கதை. அதற்கு வெகுகாலம் முன்பே பிரித்தானியாவில் கோப்பியைவிடத் தேநீர்தான் அதிகம் ஓடியது. கதையையும் உரசிப் பார்க்கப் பழக்குவது இந்த முறையின் பாதி வேலை.

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கத்துப் பிள்ளைக்குத் தேயிலையைவிட இறப்பர் நெருக்கம். அப்பா ஏன் இருட்டோடு போகிறார்? இராத்திரியில் மரம் இலைவழியே இழக்கும் நீர் குறைவு. பால்குழாய்களில் அமுக்கம் உயர்ந்து நிற்கிறது. வெயில் ஏற ஏற அது இறங்கும், பாலும் குறையும். ஏன் இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்தி வெட்டுகிறார்? பால்குழாய்கள் நேராக ஏறாமல் சற்றுச் சரிந்து ஏறுவதால் அப்படி வெட்டினால் கூடுதல் குழாய் அறுபடும். கத்தி ஒரு மில்லிமீற்றர் ஆழமாகப் போனால் கங்காணி ஏன் கத்துகிறார்? மாறிழையத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த முறை அந்த இடத்தில் வெட்ட முடியாது. ஸ்டோரில் பாலுக்குப் போமிக் அமிலம் ஊற்றியதும் ஏன் கட்டுகிறது, அமோனியா போட்டால் ஏன் கட்டாமல் நிற்கிறது? மறை ஏற்றம் கொண்ட இறப்பர்த் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அமிலம் அந்த ஏற்றத்தைப் போக்கிவிடுகிறது. சிரட்டையில் விட்ட பால் மறுநாள் தானாகக் கட்டி நாறுவதற்குப் பக்ரீரியா உண்டாக்கும் அமிலம் காரணம். அமிலமும் காரமும் இதைவிட நன்றாக எங்கே விளங்கும்? ஆனால் வகுப்பில் எலுமிச்சம்பழமும் சவர்க்காரமும்தான் வரும், அதுவும் கரும்பலகையில்.

இரத்தினபுரிப் பக்கம் போனால் கெவுட கல்லின் கதை. பால்போல் மங்கிய, விலை போகாத அந்தக் கல்லை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிப்போய், உயர் வெப்பத்தில் சுட்டு, நீலமாக்கி விற்றார்கள். கல்லுக்குள் ஊசி ஊசியாக இருந்த தைத்தேனியம் சேர்வை கரைந்து, இரும்போடு சேர்ந்து நீலம் தந்தது. அந்த இரசாயனவியல் தெரியாததால் நம் நாடு இழந்த பணம் கொஞ்சமல்ல.

எல்லாவற்றுக்கும் மேல் மழை இருக்கிறது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. மூன்று நாளில் அங்கே பெய்தது 400 மில்லிமீற்றருக்கும் மேல். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே நாள் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் அறைகளும் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை எல்லைகள் இரகசியம் அல்ல: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு; 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம்; 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினாலோ வெளியேற வேண்டும். சரிவான மலையடியில் லயத்தில் வாழும் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த மூன்று எண்கள் தெரியும்? தவளையின் வாழ்க்கை வட்டம் தெரியும். படத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

சம்பவத்தை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர், ஒரு கிலோ. 150 மில்லிமீற்றர் பெய்தால் ஓர் ஏக்கர் மேல் ஏறக்குறைய 600 தொன் தண்ணீர் விழுகிறது. அது எங்கே போகும்? ஓடியது போக மண்ணுக்குள் இறங்கியது துளைகளை நிரப்பி, மண்மணிகளுக்கு இடையிலான பிடியைத் தளர்த்தும். பீலித்தண்ணீர் திடீரெனக் கலங்கினால் என்ன அர்த்தம்? நின்றுபோனால்? மரம் சாய்ந்து நின்றால், வாசலில் புது வெடிப்பு வந்தால்? இராத்திரி பதினொரு மணிக்கு 110 மில்லிமீற்றர், மழை விடவில்லை: லயத்தில் எண்பது பேர், கைக்குழந்தைகளும் இருக்கின்றன. இப்போதே கிளம்புவதா, விடியட்டும் என்பதா? விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் புதைந்தபோது, ஆபத்து பற்றிய எச்சரிக்கை பல வருடம் முன்பே வந்திருந்தது. அப்படியிருந்தும் சனம் ஏன் அங்கே இருந்தது, போக வேறு வீடு இருந்ததா என்ற கேள்வியையும் சம்பவத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். எச்சரிக்கை எண்ணுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே நிருவாகமும் காணியும் வறுமையும் நிற்பதை மாணவர் பார்க்கட்டும். எலிக்காய்ச்சலையும் இப்படியே ஒரு சம்பவமாக்கலாம். 2008இல் நாடெங்கும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு அது பதிவானது. வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குகிற இரத்தினபுரி, கேகாலை மாவட்டத்தாரைத் தேடி அது அடிக்கடி வருகிறது.

"எல்லாம் சரி சார், பரீட்சை?" இதுதான் எதிர்த்தரப்பின் கடைசி அஸ்திரம். சாதாரண தர விஞ்ஞான இரண்டாம் வினாத்தாளைப் புரட்டிப் பாருங்கள். ஒரு மாணவன் அமைத்த பரிசோதனை, ஒரு வரைபு, ஒரு சூழல், அதன்மேல் கேள்விகள். அங்கே சறுக்குவது வரைவிலக்கணம் தெரியாதவர்கள் மட்டுமல்ல. மனப்பாடம் செய்த வரைவிலக்கணத்தை எங்கே பொருத்துவது என்று தெரியாதவர்களும் சறுக்குகிறார்கள். அதேவேளை, சமன்பாடு சமப்படுத்துவதும் வலுவளவும் மூல் கணக்கும் போட்டுப் போட்டுத்தான் வரும். அங்கே கதை சொல்லிக்கொண்டிருப்பவர் உண்மையிலேயே நேரத்தை வீணாக்குகிறார். தவணைக்கு மூன்று நல்ல சம்பவங்கள் போதும். மீதி நேரம் பயிற்சிக்கு.

ஏழைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிவராது என்பவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தைக் காட்டலாம். 1972இல் பதினாறு கிராமப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானத் திட்டத்தில் பிள்ளைகள் வயலிலும் வாய்க்காலிலும் தாங்களே பரிசோதித்துப் படித்தார்கள்; புத்தகத்தைத் திறந்துவைத்தே பரீட்சை எழுதினார்கள். அது நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி முப்பது வருடம் நடந்தது. 2002இல் அதை மூடியது மாநில அரசுதான். பிள்ளைகளுக்கு விளங்காமல் நின்றுபோகவில்லை. நம்மிடமும் 2007 சீர்திருத்தத்தோடு தேசிய கல்வி நிறுவகம் தேடலை மையமாக வைத்து ஆசிரியர் வழிகாட்டி எழுதியது. அது அதிபரின் அலுமாரியில் பத்திரமாக இருக்கும், வகுப்பில் குறிப்பு ஓடும்.

எனவே வலயக் கல்விப் பணிமனைகளுக்கு ஒரு கோரிக்கை. கொப்பியின் பக்கத்தை எண்ணுவதை நிறுத்துங்கள். மேற்பார்வைக்குப் போகும்போது, பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றைக் காட்டும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். விஞ்ஞான ஆசிரியர்களே, பால் வெட்டும் தகப்பனையும் ஸ்டோரில் அமிலம் ஊற்றுபவரையும் ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் ஏன் என்று கேளுங்கள். மே மாத மழை தொடங்குமுன், மேல்பாகம் வெட்டிய ஒரு போத்தலும் ஓர் அடிமட்டமும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலை முற்றத்திலும் இருக்கட்டும். காலை எட்டு மணி அளவை ஒன்பதாம் தரம் எடுத்துக் கரும்பலகையில் எழுதட்டும். 75ஐத் தாண்டிய அன்று அதிபர் அதைத் தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிக்கட்டும். இதற்குச் சுற்றறிக்கையும் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.