ஒரு மாதம், ஒரு பஞ்சம், ஏழு நூல்கள்

மாத இறுதியில் அம்மாதம் வாசித்த நூல்களை அடுக்கி ஒளிப்படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் இடுவது இன்று நிலைபெற்றுவிட்ட வழக்கம். ஒரு நாவல், ஒரு கவிதைத் தொகுப்பு, ஒரு தன்வரலாறு, ஒரு வரலாற்று நூல் என வகைமைகள் கலந்திருந்தால் அப்பட்டியலுக்குக் கூடுதல் மதிப்பு. இவ்வழக்கத்தில் எள்ளுவதற்கு எதுவுமில்லை. ஒருவர் இட்ட பட்டியலைக் கண்டு இன்னொருவர் ஒரு நூலையேனும் தேடிப் படிப்பாராயின் அது நல்லதே. ஆயினும் அப்பட்டியல்களில் பெரும்பாலும் எழாத ஒரு கேள்வி உண்டு. ஒரே மாதத்தில் ஒரே மேசைமீது இருந்த அந்நூல்கள் ஒன்றோடொன்று பேசினவா? அன்றி, ஒரே தொடர்வண்டியில் பயணம் செய்து முகம் பாராமல் இறங்கிப்போனவர்களைப் போல வந்து சென்றனவா?

ஆய்வு மாணவரின் வாசிப்புக்கு இதன் மறுபக்கமான குறை ஒன்று உண்டு. அவர் ஒரே பொருளைப் பற்றியே வாசிக்கிறார். ஆனால் ஒரே வகைமைக்குள் வாசிக்கிறார். பொருளியல் பயில்பவர் நாவலைத் தொடுவதில்லை. இலக்கியம் பயில்பவர் ஆணைய அறிக்கையைப் புரட்டுவதில்லை. அடிக்குறிப்புக்கு உதவும் பக்கம் கிடைத்ததும் நூல் மூடப்படுகிறது. பலவகை வாசிப்பவருக்கு மையம் இல்லை. ஒருவகை வாசிப்பவருக்கு அண்டை அயல் இல்லை. ஆண்டில் ஒரு மாதமேனும் ஒரே பொருளைப் பல வகைமைகளில் வாசிப்பது இவ்விரு குறைகளுக்கும் மருந்தாகும். அவ்வாறு வாசித்தால் என்ன நிகழும் என்பதற்கு 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் தக்க சான்று.

பின்னணி பலரும் அறிந்ததே. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவர் கையில் சிக்கக்கூடாது என்று கடலோர வங்கத்தின் படகுகளை அரசு கைப்பற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் மேதினிபூர்ப் பகுதியைப் பெரும்புயல் தாக்கியது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாயை எட்டியது. பஞ்சம் என்று அரசு முறைப்படி அறிவிக்கவே இல்லை.

இம்மாத வாசிப்பை 1945-இல் வெளிவந்த பஞ்ச விசாரணை ஆணையத்தின் அறிக்கையிலிருந்து தொடங்கலாம். சர் ஜான் உட்ஹெட் தலைமையிலான அவ்வாணையம் இறந்தோர் தொகையை ஏறத்தாழ 15 லட்சம் எனக் கணித்தது. அரசாங்க நடையில் எழுதப்பட்ட அவ்வறிக்கையில் வாசிப்பவரைத் திடுக்கிட வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. அவ்வாண்டு அரிசி வணிகத்தில் கிடைத்த மிகை ஆதாயம் 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டு, அதை இறந்தோர் தொகையோடு நேர்நிறுத்தி, ஓர் உயிருக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் என்று அறிக்கை சொல்கிறது. எந்தக் கவிஞரும் அதைவிடக் கடுமையாக எழுதிவிட இயலாது. அறிக்கை என்பது உணர்ச்சியற்ற வகைமை என்னும் எண்ணம் இங்கே முதல் அடி வாங்குகிறது.

அறிக்கை காணத் தவறியதும் உண்டு. ஆணையத்தின் உறுப்பினருள் ஒருவரும், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவருமான டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, அந்த 15 லட்சம் குறைமதிப்பீடே என்று 1974-இல் எழுதினார். சாலையோரங்களில் விழுந்து இறந்தோரை ஆணையம் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பது அவர் தந்த காரணம். ஊர்ப் பதிவேட்டில் இடம்பெற வேண்டுமாயின் ஊரில் இறக்க வேண்டும். ஊரைவிட்டு நடந்தவர்கள் எந்த ஊரின் கணக்கிலும் சேரவில்லை.

அடுத்து வாசிக்கத்தக்கது, அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்'. 1943-இல் வங்கத்தில் இருந்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 விழுக்காடு அளவே குறைவு. பஞ்சம் நேராத 1941-ஐவிட 13 விழுக்காடு மிகுதி என்று அவர் நிறுவினார். குறைந்தது அரிசி அன்று. அரிசியை வாங்கும் உரிமையும் ஆற்றலுமே. போர்க்காலச் செலவால் விலை ஏறியபோது கூலி ஏறாதவர்கள் வீழ்ந்தனர். வேளாண் தொழிலாளர், மீனவர், வண்டியும் படகும் ஓட்டுவோர், நெல் குற்றுவோர் எனத் தொழில்வாரியாக வீழ்ச்சியைக் காட்டும் அட்டவணைகள் அந்நூலின் முதுகெலும்பு. இறந்தோர் தொகையை அவர் 30 லட்சத்தை ஒட்டி மதிப்பிட்டார். அறிக்கைக்கும் இந்நூலுக்கும் இடையே 15 லட்சம் மனிதர் காணாமற்போயிருந்தனர் என்பதை இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர் வெறும் புள்ளிவிவர வேறுபாடாகக் கொள்ள மாட்டார்.

மூன்றாவது நூல் விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'அசனி சங்கேத்'. சத்யஜித் ராய் இயக்கத்தில் திரைப்படமாகி, 1973-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றதால் பலரும் கதையை அறிவர். புதிய ஊரொன்றில் குடியேறி, பூசையும் திண்ணைப்பள்ளியுமாக வாழும் கங்காசரணும் அவன் மனைவி அனங்காவும் எங்கோ நடக்கும் போரின் நிழல் தம் அடுப்பங்கரைக்கு வந்து சேர்வதைக் காண்கின்றனர். சென்னின் அட்டவணையில் 'நெல் குற்றுவோர்' என்பது ஒரு வரி. நாவலில் காட்டுக்கிழங்கு தேடிப் போகும் பெண்களின் கைகள் மண்ணைத் தோண்டுகின்றன. விலையேற்றம் கடைத்தெருவைத் தாக்குமுன் உறவுகளைத் தாக்குவதை நாவல் காட்டுகிறது. விருந்தாளி வரும்போது இல்லாளின் முகம் வாடுகிறது. கடன் கேட்கும் குரல் தாழ்கிறது. அட்டவணைக்கு இவை எட்டா. ஊரின் முதல் பசிச்சாவு மதி என்னும் தாழ்த்தப்பட்ட பெண்ணுடையது. சோறின்றி மனிதர் உண்மையிலேயே இறக்கக்கூடும் என்பதை அவ்வூர் அன்றுதான் அறிகிறது.

எனினும் நாவலை வாசித்து முடித்தபின் அட்டவணைக்குத் திரும்பினால் இன்னொன்று புலப்படும். கதையை வாசகர் பெரும்பாலும் கங்காசரணின் பார்வையிலேயே காண்கிறார். அவன் அந்தணன், தட்சிணையாக அரிசி பெறுபவன், எனவே கடைசியில் பசிப்பவருள் ஒருவன். மதியின் வீட்டுக்குள் கதை தங்கி வாழவில்லை. அவள் சாவு மற்றவர்களுக்குச் செய்தியாகவே வருகிறது. பசி எந்த வரிசையில் ஏறி வந்தது என்பதைச் சென்னின் அட்டவணை சொல்லிவிட்டதால் மட்டுமே நாவலின் இந்த இருக்கை எங்கே போடப்பட்டிருக்கிறது என்று வாசகரால் காண முடிகிறது.

நான்காவது, பிஜன் பட்டாச்சாரியாவின் 'நபான்ன'. இந்திய மக்கள் நாடகக் கழகம் 1944-இல் இதை மேடையேற்றியது. முதியவர் பிரதான் சமாத்தாரின் குடும்பம் ஊரிழந்து கல்கத்தாத் தெருவுக்கு வருகிறது. செல்வர் வீட்டுத் திருமண விருந்துக்கு வெளியே, குப்பையில் எறிந்த சோற்றுக்காக மனிதன் நாயோடு போராடும் காட்சி இந்திய நாடக வரலாற்றில் நிலைத்துவிட்டது. தனியே அமர்ந்து வாசிக்கும் நாவல் தர இயலாத ஒன்றை நாடகம் தந்தது. அரங்கில் இருந்தவர்கள் அதே நகரத்தார். வடிகஞ்சிக்காகத் தம் வாசலில் நின்ற குரல்களை முந்திய ஆண்டு கேட்டவர்கள்.

ஆனால் நாடகம் புத்தரிசித் திருநாளில் முடிகிறது. ஊர் திரும்பியவர்கள் ஒன்றுகூடி அறுவடை செய்கின்றனர். துயர்துடைப்புக்கு நிதி திரட்டிய கலைஞர்களுக்கு அந்நம்பிக்கை தேவையாகவே இருந்திருக்கும். சென்னின் கணக்குப்படியோ இறப்புகளில் பாதிக்கும் மேல் 1943-க்குப் பிறகு நேர்ந்தவை. மலேரியாவும் காலராவும் அம்மையும் மெலிந்த உடல்களை வாரிக்கொண்டிருந்த காலத்திலேதான் மேடையில் அறுவடைப் பாட்டு ஒலித்தது. இதைச் சொல்வதால் நாடகம் பொய்யாகிவிடாது. அந்த முடிவு நடந்ததன் பதிவு அன்று, வேண்டுதல் என்பது புலனாகிறது, அவ்வளவே.

ஐந்தாவது, சித்தப்பிரசாத்தின் 'பசித்த வங்காளம்'. 1943 நவம்பரில் மேதினிபூர் மாவட்டத்தில் சுற்றி, கண்ட மனிதரைக் கறுப்பு மையில் வரைந்து, கண்டதை எழுதிய சிறுநூல். ஆங்கில அரசு அதன் 5,000 படிகளைக் கைப்பற்றி அழித்தது. குடும்பத்தார் காத்துவைத்த ஒரு படி, 2011-இல் அச்சுநகலாக மீண்டும் வந்தது. அவர் வரைந்தவர்களில் பலருக்குப் பெயரும் ஊரும் உண்டு. அறிக்கையில் தொகையாகவும் நூலில் தொழிலாகவும் இருந்தவர்கள் இங்கே தனித்தனி ஆள்களாகின்றனர். எரிக்கப்பட்டது நாவலோ அட்டவணையோ அன்று, பெயரோடு கூடிய முகங்கள் என்பது எண்ணத்தக்கது.

ஆறாவது, சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழின் செய்தியாளர் டி. ஜி. நாராயணன் 1944-இல் வெளியிட்ட 'வங்கத்தின்மீது பஞ்சம்'. செய்தியாளரின் எழுத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. முடிவு தெரியாமல் எழுதப்பட்டது அது. 15 லட்சமா, 30 லட்சமா என்னும் வாதம் அதற்கு இல்லை; அடுத்த வாரம் என்ன ஆகும் என்னும் கவலையே உண்டு. பிற்கால ஆய்வாளர் எவராலும் மீட்டெடுக்க முடியாத அறியாமை அது.

ஏழாவது, அமர்த்தியா சென் 2021-இல் வெளியிட்ட தன்வரலாறு. பஞ்சத்தின்போது அவர் சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவன். கல்கத்தாவை நோக்கி நடந்தவர்கள் வாசலில் வந்து நின்றபோது சிகரெட் டப்பாவில் அளந்து அரிசி கொடுக்கப் பாட்டனார் அவருக்கு அனுமதி தந்தார். உற்றார் வீடுகளில் எவரும் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1981-இன் அட்டவணையையும் 2021-இன் டப்பாவையும் ஒரே மாதத்தில் காண்பவருக்கு அந்த ஆய்வு எங்கே தொடங்கியது என்பது விளங்கும். நாற்பதாண்டு இடைவெளியில் ஒரே மனிதர் இரு வகைமைகளில் எழுதியவை இவை. ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை.

இங்கே ஒரு முடிவுக்கு வர வேண்டும். பல வகைமைகளை வாசித்தால் முழுமையான சித்திரம் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இம்மாத வாசிப்பு தருவது அதற்கு மாறான பாடம். ஒவ்வொரு நூலும் மற்றதன் குறையைத்தான் காட்டுகிறது. ஏழும் சேர்ந்து காட்டும் பெரிய குறை ஒன்று உண்டு. இவற்றை எழுதியவர், வரைந்தவர் எவரும் வடிகஞ்சி கேட்டு வாசலில் நின்றவர் அல்லர். பசித்தவரின் சொந்தச் சொல் ஏழிலும் இல்லை. எஞ்சியிருந்த முதியோரின் நினைவுகளை பி.பி.சி. வானொலித் தொடர் ஒன்று பரவலாகக் கேட்கச் செய்தது 2024-இல், எண்பதாண்டுகள் கழித்து. ஒரு நூலை மட்டும் வாசித்தவருக்கு இந்த இல்லாமை தெரியாது. நாவல் மட்டும் வாசித்தவர் மதியின் குரலைக் கேட்டுவிட்டதாகவே எண்ணுவார். அட்டவணை மட்டும் வாசித்தவர் எல்லாரையும் எண்ணிவிட்டதாகக் கருதுவார்.

வாசிப்பு இன்பத்துக்கானது; ஒரு மாதம் முழுதும் பஞ்சத்தைப் படிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பொருள் பஞ்சமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஆறு, ஒரு பயிர், ஒரு நோய், ஒரு நகரம், ஓர் இசைக்கருவி என எதுவும் ஆகலாம். பதினோரு மாதங்கள் மனம்போல் வாசித்து, ஒரு மாதம் மட்டும் இவ்வாறு வாசித்தால் போதும். நூலக அடுக்குகளில் இந்நூல்கள் தனித்தனி எண்களின்கீழ் வெவ்வேறு மூலைகளில் இருக்கும். அவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது வாசகரின் வேலை. நூலகர் அதைச் செய்ய இயலாது, பாடத்திட்டம் செய்வதில்லை.

அடுத்த மாத இறுதியில் பட்டியல் இடுவோர், எத்தனை நூல்கள் என்பதோடு ஒரு வரியையும் சேர்த்து எழுதலாம்: அவற்றுள் எந்த நூல், வேறெந்த நூலின் எந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்தது? அவ்வரியை எழுத முடிந்தால் மூன்று நூல்களும் நல்ல வாசிப்பே. எழுத முடியாவிட்டால் முப்பது நூல்களாயினும் அவை இன்னும் தனித்தனியாகவே அடுக்கில் நிற்கின்றன.