கழுதைத் தலையைப் பெரிதாகப் போடுங்கள்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால நகைச்சுவை நாடகம் ஒன்றை விழாவுக்காக மறுபடி மேடையேற்றினால், நோட்டீஸில் முதலில் ஆசிரியரின் மேதைமை வரும், பிறகு நூற்றாண்டு, பிறகு ஆதரவாளர்களின் சின்னங்கள். சிரிக்கலாம் என்ற தகவல் மட்டும் இருக்காது. நம் ஸ்பெஷல் நாடக நோட்டீஸோ ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று படத்தோடும் பெயரோடும் ஆளைக் காட்டித்தான் கூட்டம் சேர்க்கிறது. ‘வள்ளி திருமணம்’ எல்லாருக்கும் தெரிந்த கதை, அதற்கு அறிமுகம் வேண்டாம். ஷேக்ஸ்பியருக்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அறிமுகம் கதைக்கு, கவிஞருக்கு அல்ல. ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் கைத்தொழிலாளர்கள் ஆறு பேர், பிரபுவின் கல்யாணத்தில் நடிப்பதற்காக, வேலை முடிந்தபின் காட்டுக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள். எல்லா வேஷத்தையும் தானே கட்டத் துடிக்கும் பாட்டம் ஒரு நெசவாளி. அவன் தலைதான் கழுதைத் தலையாகிறது. ஏ.எஃப்.டி. துணி மில் சங்கு கேட்டு வளர்ந்த புதுச்சேரி முதலியார்பேட்டையில் இதைவிட நல்ல விளம்பர வாசகம் கிடைக்குமா?

மொழி மாறினால் சிரிப்பு செத்துவிடும் என்பார்கள். சிலேடைகள் சாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆங்கிலேய இயக்குநர் டிம் சப்பிள் இதே நாடகத்தைத் தமிழ், மலையாளம், சிங்களம் உள்ளிட்ட ஏழு மொழிகளில், இந்திய, இலங்கை நடிகர்களைக் கொண்டு 2006இல் இயக்கினார். ஒத்திகை நடந்தது புதுச்சேரிக்குப் பக்கத்தில். அது ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு விழாவுக்குப் போனது. பாதிக்கு மேல் வசனம் புரியாதவர்களிடம் வரவேற்பு பெற்று, மறுபடி சுற்றுப்பயணமும் போனது. அவர்கள் பள்ளியிலேயே கதை படித்தவர்கள், அது உண்மை. அப்படியென்றால் நம் ஊர்க்காரருக்கும் அரைப்பக்கத்தில் கதையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டியதுதானே! இப்படி விற்றால் செவ்வியல் மலிந்துவிடும் என்ற கவலைக்கு ஷேக்ஸ்பியரின் அரங்கமே பதில்: ஒரு பென்னி கொடுத்தவர்கள் முற்றத்தில் நின்று பார்த்தார்கள், கோமாளி வேஷக்காரர் வில் கெம்ப் அவருடைய நாடகக் குழுவில் பங்குதாரர்.

கடலூர் சாலையில் ஒட்டும் சுவரொட்டியில் கழுதைத் தலை பெரிதாகவும் ஷேக்ஸ்பியர் பெயர் பொடி எழுத்திலும் இருக்கட்டும். பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்கு வேண்டுமானால் மாற்றி அச்சடித்துக்கொள்ளலாம்.