புகைக்குழாய்க்குள் படியும் ஆபத்து



உணவகத்தில் தீ என்றாலே எல்லோரும் சிலிண்டரைத்தான் சந்தேகிக்கிறோம். அடுப்புக்கு மேலே புகைக்குழாய்க்குள் மாதக்கணக்கில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பொரிக்கும் வாணலியின் ஆவி குழாயின் உட்சுவரில் குளிர்ந்து ஒட்டிக்கொள்கிறது. கீழே எண்ணெய் பற்றிக்கொண்டால், எக்சாஸ்ட் ஃபேனே தீயை மேலே இழுத்துவிடும். 2007 ஆகஸ்ட் 29 அன்று பாஸ்டனில் ஓர் உணவகத்தின் கூரைக்குள் இப்படிப் பிசுக்கு எரிந்ததில் தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 96 விதி, கரியும் விறகும் எரியும் அடுப்பென்றால் மாதந்தோறும், அதிகம் சமைக்கும் இடமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாயைச் சோதிக்கச் சொல்கிறது.

அடுப்புக்கு மேல் புகையை உறிஞ்சும் ஹூடின் ஃபில்டரைத் தினமும் கழுவுகிறோமே என்பார்கள் உரிமையாளர்கள். ஃபில்டரைத் தாண்டிப் போவதுதானே குழாயில் படிகிறது! ஹூடின் விளிம்பில் கறுத்த எண்ணெய் சொட்டுவதை முதலில் பார்ப்பவர்கள் மாஸ்டரும் பாத்திரம் கழுவுபவரும்தான். வேலை போய்விடும் என்று அவர்கள் வாய் திறப்பதில்லை. பெயர் வெளியே தெரியாமல் அவர்கள் புகார் கொடுக்கத் தமிழகத் தீயணைப்புத் துறை வழிசெய்ய வேண்டும். போட்டிக் கடைக்காரர் பொய்ப் புகார் தருவார் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் குழாயின் ஆய்வுக் கதவைத் திறந்து டார்ச் அடித்தால் உண்மை தெரிந்துவிடும். கதவே இல்லையென்றால் அதுவே நடவடிக்கைக்குப் போதும். சிறு கடைகளுக்குக் குழாயைச் சுத்தம் செய்யும் செலவு சுமைதான், அவகாசம் தரலாம். மாடியில் குடும்பங்கள் வசிக்கும் கட்டடங்களுக்கு மட்டும் ஒருநாளும் தரக்கூடாது.

– வாசகர், மதுரை