நத்தாருக்கு அம்மா வரமாட்டா

வெளிநாட்டு நத்தார் என்றால் பலருக்கும் கண்ணுக்குள்ள வாறது ரொறன்ரோ பனியும் லண்டன் தெருவிளக்குகளும்தான். வெருகலில இருந்து பார்த்தால் வெளிநாடு வேற. எங்கட வெளிநாடு தோஹா, குவைத், ரியாத். அங்க குடும்பமாப் போறதில்லை. போறது பல வீடுகளில அம்மாதான்.

வெருகல் என்றதும் சித்திர வேலாயுத சுவாமி கோயில்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்க கொஞ்சம். ஆனாலும் மார்கழி பிறந்தால் எங்கட வீட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கார்த்திகையிலயே கேக்குக்குப் பழம் ஊறவைக்கணும். மழை விட்ட ஒரு நாளில சவுக்குக் கிளை வெட்டி வந்து வாளி மண்ணில நடணும். பாலன் குடிலுக்கு வைக்கோல் வேணும். கொக்கிசும் முறுக்கும் சுட்டு, முதல் தட்டு பக்கத்து வீட்டு மாமிக்குப் போகணும். தைப்பொங்கலுக்கு அவ வீட்டுப் பொங்கல் எங்களுக்கு வரும். 'நத்தார்' என்ற சொல்லே போர்த்துக்கேயரின் 'நத்தால்' வழியா வந்தது. வெளியில இருந்து வந்த பண்டிகை இப்பிடித்தான் எங்கட பண்டிகையாச்சு.

இதெல்லாம் 'எங்கட குடும்ப மரபு' என்றுதான் நான் நினைச்சிருந்தன். அம்மா தோஹாவுக்குப் போன முதல் வருசம் விசயம் விளங்கிச்சு. பழம் ஊறவைக்க ஒருத்தரும் இல்லை. கொக்கிஸ் அச்சு எந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. மாமிக்குத் தட்டு போகவில்லை. அப்பாவும் தம்பியும் நானும் நள்ளிரவுப் பூசைக்குப் போயிட்டு வந்து பாணும் பருப்பும் சாப்பிட்டுப் படுத்தம். குடும்ப மரபு என்று நாங்க சொன்னது ஒரு மனிசியின்ட வேலை.

அடுத்த வருசம் அந்த வேலை என்னட்ட வந்தது. யாரும் கேட்டுத் தரவில்லை, நான் மகள், அவ்வளவுதான். அம்மா இரவு பதினொரு மணிக்கு மேல வாட்ஸப்பில குரல் அனுப்புவா. "மகள், ரவையை இளஞ்சூட்டில வறு, கருக விடாத. பட்டரோட கலந்து மூடி வை. வெள்ளைக்கருவைக் கடைசியாச் சேர்." தான் வேலை செய்யிற வீட்டு ஆக்கள் நித்திரையான பிறகு, குசினிக்குள்ள நின்று மெல்லமாக் கதைக்கிற குரல் அது. பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கேக் அடிச்சன்.

தோஹாவில 2008இல் திறந்த செபமாலை மாதா ஆலயம் இருக்கு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்றபடியால் அன்றைக்கும் அங்க பூசை வைப்பாங்களாம். டிசம்பர் 25 அங்க சாதாரண வேலை நாள். கட்டாரின் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில 24 மணித்தியால ஓய்வு உண்டு. சட்டத்தில அப்பிடி இருக்கு. நாலு வருசத்தில அம்மா அந்தக் கோயிலுக்குப் போனது இரண்டு தரம். சவூதியில இருக்கிற சித்திக்கு அதுவும் இல்லை, அங்க கிறிஸ்தவர்களுக்குப் பொதுவில கோயிலே கிடையாது.

நத்தார்ப் பிரசங்கத்தில எகிப்துக்குத் தப்பி ஓடின திருக்குடும்பத்தைப் பற்றிச் சொல்லுவாங்க. 2006இல் மாவிலாற்றுச் சண்டையோட ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சனம் வாகரைக்கு ஓடினதைக் கண்ட எங்கட பெரியாக்களுக்கு அந்தக் கதை நல்லா விளங்கும். ஆனா நான் கவனிக்கிறது வேற ஒன்றை. மரியாள் தனியாப் போகவில்லை. சூசையப்பரும் கூடப் போனார், பாரத்தையும் சுமந்தார்.

எங்கட நாட்டுச் சட்டத்துக்கும் இந்த விசயம் தெரியாது. 2013இல் வீட்டுவேலைக்கு வெளிநாடு போற பெண்களிட்ட 'குடும்பப் பின்னணி அறிக்கை' கேட்கத் தொடங்கினாங்க. ஐந்து வயதுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தால் போகேலாது. ஆண்களிட்ட அப்பிடி ஒரு அறிக்கை கேட்கவில்லை. 2022இல் டொலர் இல்லாமப் போனதும் விதியைத் தளர்த்தினாங்க. பிள்ளையைப் பார்க்கிறது தாயின்ட கடமை, காசு அனுப்பிறதும் தாயின்ட கடமை. அப்ப தகப்பனின்ட கடமை என்ன என்று அந்தப் பத்திரத்தில எங்கயும் இல்லை. எங்கட வீட்டிலயும் இருக்கவில்லை.

"அம்மா வெளிநாடு போய் நத்தார் கெட்டுப் போச்சு" என்று சொல்லுற ஆக்களோட எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டுக்குக் கூரை போட்டது அம்மாவின்ட காசு. என்ட பல்கலைக்கழக போடிங் காசும் அதுதான். நத்தாரை அவ கெடுக்கவில்லை. அவ செய்த வேலையை எடுத்துச் செய்யாத நாங்கதான் கெடுத்தம். அதை முழுக்க மகளின்ட தலையில கட்டினால் நாளைக்கு நானும் எங்கயாவது போக, வீடு திரும்பவும் பாணும் பருப்பும்தான்.

போன கிழமை வீட்டில இதைச் சொன்னன். அப்பா ஒன்றும் கதைக்கவில்லை. தம்பி சிரிச்சான். முந்தநாள் தம்பி எடுத்துச் சொன்னான், அப்பா மூதூருக்குப் போய்க் கஜுவும் பிளம்சும் வாங்கி வந்து வெட்டிக்கொண்டு இருக்கிறாராம், துண்டுகள் பெரிசாம். அம்மாவுக்குப் படம் அனுப்பினம். "இன்னும் சின்னதா வெட்டச் சொல்லு" என்று மட்டும் பதில் வந்தது.

உங்கட வீட்டிலயும் யாராவது வெளிநாட்டில இருந்தால், இந்த முறை என்ன பெட்டி வருது என்று கேட்க முதல், அவ விட்டுட்டுப் போன வேலையை இப்ப யார் செய்யினம் என்று ஒருக்காப் பாருங்க.