வயலுக்கடியில் கிடக்கும் பழைய குழாய்

திருவாரூர் மாவட்டத்தில் எனக்கு ஆறு மா நிலம். வாய்க்காலைத் தாண்டினால் எண்ணெய்க் குழாய் போகிறது. சில ஆண்டுகளுக்கு முன், சம்பா பால் பிடிக்கும் நேரத்தில் அது கசிந்தது. தண்ணீர்மேல் கறுப்புப் படலம், கதிரெல்லாம் பதர். ஒரு போகத்துக்கு இழப்பீடு கொடுத்தார்கள். மண் தேற மூன்று போகம் ஆயிற்று.

மண்ணைக் கெடுப்பது எண்ணெய் மட்டுமல்ல. ஆழத்திலிருந்து அதனோடு உப்புநீரும் ஏறி வருகிறது. அது வயலில் இறங்கினால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. பயிர் தண்ணீரில் நின்றபடியே வாடும். அந்த வேதனை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எண்ணெயும் எரிவாயுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு அடுப்பு எரிவாயுவில்தான் எரிகிறது. வயலுக்குப் போடும் யூரியாவுக்கும் இயற்கை எரிவாயுதான் மூலப்பொருள்.

ஆனால் 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத்தான் தடுக்கிறது; அதற்கு முன்பே இயங்கியவற்றைத் தொடவில்லை. பழைய குழாய்கள் இன்னும் நம் வயலுக்கடியில் கிடக்கின்றன. அவற்றைக் கடைசியாகச் சோதித்த தேதியை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். பயன் முடிந்த கிணறுகளைச் சிமென்ட் கொண்டு அடைத்து, நிலத்தை உழவுக்குத் திருப்பிக் கொடுங்கள்.